பூட்ஸ் கழற்றும் வாசல்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தெருவுக்கு அவள் பர்னர். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவள். தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் ஸ்பானர், அடைப்பைக் குத்தும் ஊசி, கிரீஸ் டப்பா, சுருட்டிய ரப்பர் ட்யூப், பழைய ஷாம்பு பாட்டிலில் சோப்புத் தண்ணீர். பெயர் தொழிலால் வந்ததா, கோபத்தால் வந்ததா என்று கேட்டால் தெருவில் இரண்டு கட்சி இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. பையும் தொழிலும் ஓடிப்போன புருஷனுடையவை. "அந்த ஆளு விட்டுட்டுப் போனதுலயே உருப்படியான சொத்து இதுதான்" என்பாள்.

நான் டைப்பக்கா. கோர்ட்டுக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே என் கடை. மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அடுத்தவர் வாயில் வருவதை எழுத்தாக்குவது என் பிழைப்பு. அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 'தள்ளினான்' என்று சொன்னால் 'தள்ளினான்' என்றுதான் அடிப்பேன், 'கொலைவெறியோடு பாய்ந்தான்' என்று அடிக்க மாட்டேன். இதனால் பாதி வக்கீல்களுக்கு என்னைப் பிடிக்காது. மீதிப் பாதிக்கு என் வாய் பிடிக்காது.

பர்னர் என்னிடம் வந்தது அவள் அக்காவுக்காக.

அக்கா மீன் கம்பெனியில் வேலை பார்த்தவள். மீனை உரித்து, எடைபோட்டு, ஐஸில் அடுக்கும் பெரிய கூடம் அது. உள்ளே போனால் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். வெளியே வரும்போது வாசலிலேயே அதைக் கழற்றி ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டிவிட்டுத்தான் காலை வெளியே வைக்க வேண்டும். பூட்ஸோடு ஒரு அடி வைத்தவளை அன்றைக்கு மறுபடி உள்ளே விட மாட்டார்கள். இதைப் பார்த்துக்கொள்ள வாசலில் ஓர் ஆள். அதுதான் அக்கா. வருஷக்கணக்காக அவள் வாயில் ஒரே சொல், "பூட்ஸு". மற்றதையெல்லாம் கையாலேயே காட்டிவிடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் ஐஸ் அறைக்கு அம்மோனியா போகும் குழாய் வெடித்தது. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர்தான் வெளியே வந்தார்கள். கம்பெனி எழுதிக் கொடுத்த அறிக்கை எனக்கு மனப்பாடம். தொழிலாளர்கள் பீதியில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்களாம். வாசலில் இருந்தவள் கதவைச் சாத்திவிட்டாளாம். இரண்டு வரியில் வேலை முடிந்தது. குழாய் பாவம், அதன்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

விசாரணை அதிகாரி கொஞ்சம் இரக்கமுள்ளவர். உயிர் பிழைத்தவர்கள் யாராவது நேரில் கண்டதை எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றார். இல்லாவிட்டால் அக்காவின் பெயர் வழக்கில் ஏறும். ஏறினால் ஜெயில்தான்.

இதில் பெரிய தொல்லை அக்காவே. பர்னரின் வீட்டு உள்ளறையில், கதவு ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். புகை தின்ற தொண்டை, குரல் காற்றாகத்தான் வரும். எது கேட்டாலும் ஒரே பதில்.

"சாத்தினது நான்தான்."

"பாத்தியாக்கா நீ? உன் கையால சாத்தினியா?"

"என் மூஞ்சிக்கு நேரா மூடிச்சு. வாசல்ல நான்தான இருந்தேன். வேற யாரு?"

பர்னர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது ஸ்பானரை வைத்துத் தன் முழங்காலிலேயே தட்டிக்கொண்டிருந்தாள். "அவ சொல்றது பொய் இல்ல டைப்பக்கா. ஆனா உண்மையும் இல்ல. எனக்குத் தெரியும். வாங்க, வீடு வீடாப் போவோம். நான் பேச வைக்கிறேன், நீங்க எழுதுங்க."

அவள் பேச வைக்கும் விதம் தனி. வீட்டுக்குள் போனதும் ஒன்றும் கேட்க மாட்டாள். "அடுப்பு நீலமா எரியுதா, மஞ்சளா எரியுதா?" என்பாள். அடுத்த நிமிஷம் அடுப்பு அக்குவேறு ஆணிவேறாகத் தரையில் கிடக்கும். அடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டால் வீட்டுக்காரி எங்கும் போக முடியாதே. சாமானைத் தேய்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பாள். பிள்ளைகள், வாடகை, மாமியார் எல்லாம் வரும். அந்த மத்தியானம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

"ஒரே புகைக்கா. கண்ணு தெரியல. எப்படியோ வெளிய வந்துட்டேன்."

"வாசல்ல என்ன நடந்துச்சு?"

"ஞாபகம் இல்ல."

ஏறிய வீடெல்லாம் இதே பாட்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகரவில்லை. பயப்படுகிறார்கள், கம்பெனிக்காரன் மிரட்டியிருப்பான் என்று நான் நினைத்தேன். ஆனால் பயந்தவள் ஜன்னலைப் பார்ப்பாள். இவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் பர்னர் நடுத்தெருவில் நின்றாள். "கவனிச்சீங்களா? எல்லாருக்கும் பாதம் வெந்திருக்கு."

"கேஸு பட்டா வேகாதா?"

"மூஞ்சி வேகட்டும், கை வேகட்டும். பூட்ஸு முட்டி வரைக்கும் இருக்கு. பாதம் எப்படி வேகும்?"

"அவசரத்துல கழண்டிருக்கும்."

"அது அப்படி லேசுல கழலாது. ஈரத்துல ஒட்டிக்கும். ஒருத்தி காலைப் பின்னால தூக்குவா, இன்னொருத்தி இழுப்பா, அப்பத்தான் வரும்னு அக்கா சொல்லியிருக்கா."

எனக்கு அலைந்த களைப்பு. அதற்குமேல் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை பர்னருக்குப் போன் வந்தது. அடுப்புப் பக்கம் கேஸ் நாற்றம், உடனே வர வேண்டும் என்று ஒரு பெண் குரல். முகவரியைக் கேட்டதும் பர்னரின் முகம் மாறிவிட்டது. அது தராசம்மாவின் வீடு.

கம்பெனிக் கூடத்தில் எடைபோடும் இடத்தில் இருந்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வெளியே வந்தவர்களில் கடைசி ஆள் அவள்தான். அவளுடைய தங்கச்சி உள்ளேயே போய்விட்டாள். 'வாசல்காரி கதவைச் சாத்தினாள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரே ஆளும் அவள்தான். நாங்கள் அவள் வீட்டை மட்டும் விட்டுவைத்திருந்தோம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச எங்களுக்கே மனசு வரவில்லை.

"நீ யாருன்னு சொல்லாமப் போறது தப்பு" என்றேன்.

"அடுப்பு ஒழுகுது டைப்பக்கா. முதல்ல அதப் பாப்போம். நீங்க என் ஹெல்பர்."

ஐம்பது தாண்டிய வயசில் எனக்குப் பதவி உயர்வு. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வாசல்படியிலேயே நாற்றம் அடித்தது. நீளமான ஒற்றைக் கூடம், கடைசியில் அடுப்படி. தராசம்மா நடுக்கூடத்தில் ஈரத்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். வாட்டசாட்டமான பெண். அந்த உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

"காலையிலேருந்து அடிக்குது. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரு. உள்ள போக முடியல என்னால. வெளியவும் போக முடியல."

"சுவிட்சு எதையும் தொடாதீங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க" என்று சொல்லிவிட்டுப் பர்னர் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

தராசம்மா எனக்கு முன்னால் வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னால். நிலைப்படி வந்ததும் நின்றுவிட்டாள்.

"போங்கம்மா" என்றேன்.

போகவில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெறுங்கால்தான். இருந்தும் இன்னொரு கை முட்டியைத் தடவி எதையோ தேடியது. என் முதுகுக்குப் பின்னால் நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது. ஜன்னலைத் திறக்கப் பர்னர் எதையோ இடித்த சத்தம் கேட்டது. தராசம்மா வலது காலைப் பின்னால், என் பக்கமாகத் தூக்கினாள்.

"இழு" என்றாள். "சீக்கிரம் இழுடி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே அந்தக் காலைப் பிடித்தேன். பாதத்துத் தோல் சுருங்கி, வழவழவென்று இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அவள் யாரிடம் பேசுகிறாள், எந்த வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்துவிட்டது. நான் பெரிய தைரியசாலி இல்லை. ஆனாலும் அவள் தோளைப் பிடித்து எனக்கிருந்த மொத்தப் பலத்தோடு தெருவில் தள்ளிவிட்டு, நானும் அவள்மேலேயே விழுந்தேன்.

உள்ளே ட்யூப்தான் ரெகுலேட்டர் பக்கம் வெடித்திருந்தது. பர்னர் அதை மாற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்து, காற்று போகக் காத்திருந்து, பற்றவைத்துக் காட்டினாள். நீலமாக எரிந்தது. பிறகு வெளியே வந்து தராசம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் கண்டதை அவளிடம் சொல்லியிருந்தேன்.

"நான் ஒண்ணு சொல்லணும். நான் வாசல்காரியோட தங்கச்சி."

"தெரியும்" என்றாள் தராசம்மா. "நீ படியேறினதுமே தெரியும். அதே மூக்கு."

"அப்புறம் ஏன் உள்ள விட்டீங்க?"

"நாத்தம் அடிக்குதே. வேற யார விடுறது?"

பிறகு தராசம்மா என்னைப் பார்த்தாள். "ஹெல்பர் மூஞ்சியா இது? எழுதற ஆளுதான நீங்க. எழுதிக்கோங்க. ஒரு தடவதான் சொல்லுவேன்."

அவள் சொன்னது இது. யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் மிதிக்கவில்லை. கண் எரிய, மூச்சு முட்ட, ஈர ஏப்ரனை மூக்கில் அழுத்திக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் அக்கா பழக்க தோஷத்தில் "பூட்ஸு" என்றாள். இவர்களும் பழக்க தோஷத்தில் குனிந்தார்கள். சாவு பின்னால் நிற்கும்போது வரிசையில் நின்று, ஒருத்தி காலைத் தூக்க இன்னொருத்தி இழுத்து, ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டிவிட்டு, வெறுங்காலோடு வெளியே போனார்கள். தரை ஈரத்தில் கலந்திருந்த விஷம் பாதத்தை வேகவைத்தது.

"எனக்கு வலது காலு கழலல. எந்தங்கச்சி கீழ உக்காந்து இழுத்துட்டிருந்தா. எனக்காக உக்காந்தா. அப்பத்தான் உங்கக்காவுக்குப் புத்தி வந்துச்சு போல. 'ஐயோ, விடுங்கடி, ஓடுங்கடி'ன்னு ஸ்டாண்ட எத்தித் தள்ளுனா. என் முடியப் பிடிச்சு இழுத்து வெளிய வீசுனா. அந்தக் கதவு தானா மூடுற கதவு, ஐஸுக் காத்து வெளிய போகக்கூடாதுன்னு ஸ்பிரிங்கு. உங்கக்கா முதுகால அதப் பிடிச்சுக்கிட்டு, உள்ள கைய நீட்டிக்கிட்டே இருந்தா. தடவிக்கிட்டே இருந்தா. எந்தங்கச்சி கையத்தான் தேடுனா. அப்புறம் வெளிப்பக்கமாச் சரிஞ்சு விழுந்தா. அவ விழுந்ததும் கதவு மூடிக்கிச்சு. உள்ள இருந்தவங்களுக்குத் தள்ளத் தெம்பு இல்ல."

பர்னர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் அவ சாத்தினான்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"கம்பெனிக்காரன் எழுதிக் கொண்டுவந்தான், போட்டேன். யாரையாவது வெறுக்கணும் இல்ல? என்னை வெறுத்தா நான் எப்படிச் சாப்பிடுவேன், எப்படித் தூங்குவேன்? எங்க யாருக்கும் வாய் ஏன் வரலன்னு நினைக்கிற? நான் பூட்ஸ மாட்டிட்டிருந்த நேரத்துல பின்னால ஒருத்தி செத்தான்னு யாராவது வெளிய சொல்லுவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வாக்குமூலத்தை அடித்தேன். அக்காவுக்காக வாதாட ஒத்துக்கொண்ட வக்கீல் தம்பி வந்து படித்தார். நல்ல பையன், சம்பளம் வாங்காமல்தான் வேலை பார்த்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அருமையா இருக்குக்கா. ஒரே ஒரு வார்த்தை இடிக்குது. அந்த 'பூட்ஸு'. அத எடுத்துட்டா அவங்க தெய்வம். அது இருந்தா, தாமதத்துக்கு அவங்கதான் காரணம்னு கம்பெனி வக்கீல் பிடிச்சுக்குவாரு."

நான் பர்னரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எடுத்துடுங்க" என்றாள்.

"தராசம்மா கையெழுத்துப் போடணுமே."

"அவங்க படிச்சுப் பாத்தா போடப் போறாங்க? எடுங்க டைப்பக்கா. எனக்கு இருக்கறது ஒரே அக்கா."

வாய் சொன்னதைக் கை மாற்றக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள் நான். உபதேசம் ஊருக்குத்தான். எடுத்துவிட்டு இன்னொரு பிரதி அடித்துக் கொடுத்தேன். பழையதையும் கிழிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பர்னர் அந்தத் திருத்திய பிரதியை அக்காவிடம் வாசித்துக் காட்டினாள். நான் கூடவே போனேன். உள்ளறையில் அக்கா வழக்கம்போல் சுவரில் சாய்ந்திருந்தாள். கதவை முதுகால் பிடித்தாள் என்று வந்த இடத்தில் பர்னர் நிறுத்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வாசித்து முடித்ததும் கேட்டாள்.

"யாரு எழுதினது இது?"

"தராசம்மா சொன்னாங்க. டைப்பக்கா எழுதினாங்க."

"இல்ல. நீங்களா எழுதினது." தன் குரல் எங்களுக்குக் கேட்க அக்கா முன்னால் குனிய வேண்டியிருந்தது. "நான் பூட்ஸுன்னு சொன்னேன். நான் சொன்னது எனக்குத் தெரியும். நான் செஞ்சதுல அதத் தவிர வேற எதுவும் தெரியாது. தெரிஞ்ச அந்த ஒண்ணே இதுல இல்ல. மத்ததெல்லாம் மட்டும் நெசமா இருக்குமா? என்னைக் காப்பாத்தக் கதை கட்டுறியா நீ?"

"இல்லக்கா, சத்தியமா" என்றாள் பர்னர். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பையிலிருந்து முதல் பிரதியை எடுத்துப் பர்னரிடம் நீட்டினேன். அவள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு வாங்கி மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். 'வாசல்காரி பூட்ஸு என்றாள், நாங்கள் குனிந்தோம்' என்ற இடத்தில் அக்கா கண்ணை மூடினாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வரிக்கும் அவள் உடம்பு முன்னால் முன்னால் நகர்ந்தது. ஸ்டாண்டை எத்தியது வந்தது. முடியைப் பிடித்து இழுத்தது வந்தது. கதவு வந்தது.

"அப்ப நான் பிடிச்சிட்டு இருந்தேனா?" என்றாள்.

"ஆமாக்கா."

"முதுகாலயா?"

"ஆமா."

அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் தோள்பட்டைக்குக் கீழே தடவிப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய கன்றிப்போன தழும்பு இருந்தது. விழுந்ததில் வந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமே வராத அழுகை. பர்னர் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

"அந்த வார்த்தைய எடுக்காதீங்க" என்றாள் அக்கா கடைசியில். "ஜெயிலுன்னா ஜெயிலு."

திங்கட்கிழமை விசாரணைக் கூடத்தில் வெளிக்காற்று வராதபடி எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். பிழைத்த பெண்களில் பாதிப் பேர் அடிக்கடி கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தராசம்மா வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். போடும் முன் எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பர்னரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வக்கீல் தம்பி சொன்னபடியே கம்பெனி வக்கீல் அந்த வார்த்தையைத்தான் பிடித்தார்.

"ஆக, பூட்ஸைக் கழற்றச் சொன்னது இந்த அம்மாதான்?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா.

அதிகாரி வக்கீலைப் பார்த்தார். "ஆபத்து நேரத்தில் கழற்ற வேண்டாம் என்று உங்கள் கம்பெனி இவர்களுக்கு என்றைக்காவது சொல்லிக்கொடுத்ததா?"

வக்கீல் ஃபைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நானும் கழட்டினேன் ஐயா" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். ஞாபகம் இல்லை என்று எங்களிடம் சாதித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன், விரல் வலித்தது.

அதிகாரியின் முடிவு வர நாளானது. வந்தபோது அக்காவின் பெயர் அதில் இல்லை, கம்பெனி முதலாளியின் பெயர் இருந்தது. பர்னர் இப்போதும் அடுப்பு ரிப்பேர்தான் பார்க்கிறாள். ட்யூப் வெடித்திருந்தால் வீட்டுக்காரிக்கு அரைமணி நேரம் வசவு இலவசம். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, அந்தத் திங்கட்கிழமை எல்லோரும் கலைந்து போன நேரம்.

அந்தக் கூடத்துக் கதவும் ஸ்பிரிங் கதவுதான். பெண்கள் ஒவ்வொருவராக வெளியேற, கதவு திறந்து திறந்து மூடியது. அக்கா கடைசியில் வந்தாள். பர்னர் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். வாசலை நெருங்கியதும் அக்கா நின்றுவிட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, காலில் இருந்த செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

வெளியே போய்விட்டிருந்த தராசம்மா திரும்பி வந்தாள். கதவைத் தள்ளித் திறந்து அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். உள்ளே கையை நீட்டினாள்.

"கழட்டாத" என்றாள். "அப்படியே வா."